அந்தோனியார் நெருப்பும் கஞ்சாப் புகையும்

சில ஆண்டுகளுக்கு முன் நான் பங்கொன்றில் பணியாற்றிய காலத்தில், ஒரு மாலை, செபமாலை முடிந்து சனங்கள் கலைந்து போன பின், ஒரு தாயும் தகப்பனும் தங்கள் மகனை அறைவீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். பையனுக்கு வயது பத்தொன்பது. க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்கு இரண்டாம் தடவை தோற்ற இருந்தவன். "சுவாமி, பிள்ளையிலை ஏதோ கெட்டது தொட்டிட்டுது. தலையிலை கை வைச்சுச் செபிச்சு விடுங்கோ" என்றாள் தாய். பகலில் நித்திரை, இரவில் நடை, அயல் வீட்டு வானொலி தன்னைப் பற்றியே பேசுகிறது என்ற முறைப்பாடு. இவைதாம் அவர்கள் சொன்ன குறிகள். தகப்பனை வெளியே அனுப்பிவிட்டுத் தம்பியிடம் விசாரித்தேன். ஒன்றரை வருடமாகக் கஞ்சா புகைப்பதாக ஒப்புக்கொண்டான்.

நான் செபித்தேன், கண்டித்தேன், இனித் தொடமாட்டேன் என்று வாக்கும் வாங்கினேன். பின்பு வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். வைத்தியரிடம் கொண்டு போங்கள் என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்குத் தோன்றவில்லை. மூன்று மாதத்தின் பின், நள்ளிரவில் கடலுக்குள் இறங்கி நடந்து கொண்டிருந்த அந்தப் பிள்ளையைத் தொழிலுக்குப் போன இருவர் இழுத்து வந்து கரை சேர்த்தார்கள்.

இது பாவசங்கீர்த்தனத்தில் கேட்ட காரியமல்ல. பெற்றாரின் சம்மதத்துடன், ஊரையும் பெயரையும் மறைத்து எழுதுகிறேன். அன்று எனக்குத் தெரியாதிருந்தவற்றைப் பின்பு வைத்தியர்களிடம் கேட்டும் நூல்களில் படித்தும் அறிந்துகொண்டேன். பிள்ளைகளை வளர்க்கும் எமது குடும்பங்களுக்கு அவை பயன்படட்டும் என்பதற்காகவே இக்கட்டுரை.

மூளைக்குள் இருக்கும் பூட்டு

கஞ்சாச் செடியில் நூற்றுக்கணக்கான இரசாயனப் பொருட்கள் உண்டு. அவற்றுள் மயக்கம் தருவது ரி.எச்.சி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் பொருள். இதனை 1964 ஆம் ஆண்டு இஸ்ரவேல் நாட்டில் ரபாயேல் மெக்கூலம், யெகியேல் காவோனி என்னும் இரு விஞ்ஞானிகள் தனியே பிரித்தெடுத்து, அதன் அமைப்பைக் கண்டறிந்தார்கள். அப்பொழுது ஒரு கேள்வி எழுந்தது. எங்கோ வளரும் ஒரு செடியின் பிசின் மனித மூளையில் ஏன் வேலை செய்யவேண்டும்? திறப்பு ஒன்று பொருந்துகிறதென்றால், அதற்கேற்ற பூட்டு உள்ளே முன்னரே இருக்கவேண்டும் அல்லவா?

அந்தப் பூட்டு 1988 இல் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கென்று எமது உடலே செய்துகொள்ளும் இயற்கையான திறப்பும் 1992 இல் அகப்பட்டது. கண்டவர்கள் அதற்கு 'ஆனந்தமைட்' என்று பெயரிட்டார்கள். ஆம், எமக்கு நன்கு பழக்கமான 'ஆனந்தம்' என்ற வடசொல்லையே எடுத்து வைத்தார்கள்.

இந்த ஆனந்தமைட் செய்யும் வேலையை எமது தோட்டக்காரர் எளிதில் விளங்கிக்கொள்வர். கிணற்றிலிருந்து இறைக்கும் தண்ணீரைப் பாத்திக்குப் பாத்தி மாறி விடுகிறவர் ஒருவர் நிற்பாரல்லவா? ஒரு பாத்தி நிறைந்ததும் அதன் வாயை மண்ணால் அடைத்து, அடுத்ததைத் திறந்து விடுவார். மூளையில் ஒரு நரம்பணு மற்றதற்கு அனுப்பும் செய்தி போதும் என்றானதும், 'இனி நிறுத்து' என்று சொல்லும் வேலை இதனுடையது. வேண்டிய இடத்தில், வேண்டிய நேரத்தில், வேண்டிய அளவுக்கு மட்டும் உண்டாகிச் சில கணங்களில் அழிந்துவிடும். கஞ்சாப் புகையுடன் வரும் ரி.எச்.சி. யோ எல்லாப் பாத்திகளுக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேருகிறது, மணிக்கணக்காக நிற்கிறது. தண்ணீர் மாறுகிறவருக்கு அங்கே வேலையில்லை.

இந்தப் பூட்டுகள் மூளையில் எங்கெங்கே நெருக்கமாக இருக்கின்றன என்று பார்த்தால் கஞ்சாவின் குணம் முழுவதும் விளங்கிவிடும். புதிய நினைவுகளைப் பதிக்கும் பகுதியில் உண்டு. எனவே வாக்கியத்தைத் தொடங்கியவன் அதை முடிக்குமுன் மறந்து போகிறான். படித்த பாடம் நிற்பதில்லை. உடலைச் சமநிலையில் வைக்கும் சிறுமூளையில் உண்டு. எனவே மோட்டார் சைக்கிளில் வளைவு திரும்பும்போது கை பிந்துகிறது. முன்மூளையில் உண்டு. எனவே நேரம் நீளுகிறது, தீர்மானம் தளருகிறது. மூச்சை நடத்தும் மூளைத்தண்டில் மிகக் குறைவு. அபின், ஹெரோயின் போல் மூச்சை நிறுத்தி உடனே கொல்லாதிருப்பதற்குக் காரணம் இதுவே. "கஞ்சா குடிச்சு ஆர் செத்தது?" என்று கேட்கும் வாலிபர் சொல்வதில் இந்த அளவுக்கு உண்மை உண்டு. அதை மறுத்துப் பேசினால் எமது மற்ற வார்த்தைகளையும் அவர்கள் நம்பமாட்டார்கள்.

புகைத்தால் சில நிமிடங்களில் ஏறி, இரண்டு முதல் நான்கு மணித்தியாலம் நிற்கும். இதயம் வேகமாக அடிக்கும்; கண் சிவக்கும்; வாய் உலரும்; பசி எடுக்கும். உண்டால் கதை வேறு. ஏறுவதற்கு அரை மணி முதல் இரண்டு மணி வரை செல்லும். ஒன்றும் நடக்கவில்லையே என்று மேலும் உண்டவன், இரண்டு அளவும் சேர்ந்து ஏறும்போது பெரும் அச்சத்துக்குள்ளாகிறான். கறியில் இலை கிள்ளிப் போடுவதையும், மதன மோதகம் என்ற பெயரில் கடைகளில் விற்கப்படும் உருண்டைகளையும் பகிடியாக எண்ணுகிறவர்கள் இதை நினைவில் வைத்திருப்பது நல்லது. ரி.எச்.சி. கொழுப்பில் கரையும் பொருள். அதனால் உடற்கொழுப்பில் தங்கி மெல்ல மெல்ல வெளியேறும். நாள்தோறும் பாவித்தவரின் சிறுநீரில், நிறுத்திச் சில வாரங்களின் பின்னும் அதன் அடையாளத்தைக் காணலாம்.

"முந்தின கிழவர்மாரும் குடித்தவைதானே?"

இந்தக் கேள்வியைப் பெற்றாரே என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கிழவர்மார் குடித்தது உண்மை. ஆனால் இரண்டு வித்தியாசங்கள் உண்டு. முதலாவது, சரக்கு மாறிவிட்டது. ஐக்கிய அமெரிக்காவில் பொலிசார் கைப்பற்றிய கஞ்சாவைச் சோதித்துப் பார்த்ததில், 1995 இல் நூற்றுக்கு 4 பங்களவில் இருந்த ரி.எச்.சி., 2014 இல் 12 பங்களவுக்கு ஏறியிருந்தது. இரண்டாவது, குடிக்கிறவரின் வயது மாறிவிட்டது. கிழவர் உழைத்து, பிள்ளை குட்டி பெற்று, ஐம்பது வயதில் திண்ணையில் இருந்து குடித்தார். இன்று தொடங்குகிறவனோ பாடசாலைச் சீருடையில் நிற்கிறான். மூளையின் முற்பகுதி, அதாவது ஆராய்ந்து தீர்மானிக்கும் பகுதி, இருபது வயதுக்குப் பின்னரே முதிர்ச்சி அடைகிறது. கட்டி முடியாத வீட்டுக்குள் வெள்ளம் புகுவதற்கும் கட்டி முடிந்த வீட்டுக்குள் புகுவதற்கும் வேறுபாடு உண்டு.

கஞ்சாவைத் தொட்டவர்கள் எல்லாரும் அடிமைகளாவதில்லை. பத்துப் பேருக்கு ஒருவர் என்ற அளவில் அது பிடித்துக்கொள்கிறது என்றும், பதின்ம வயதில் தொடங்கியவர்களுள் ஆறு பேருக்கு ஒருவர் என்று அத்தொகை உயருகிறது என்றும் ஆராய்ந்தவர்கள் கூறுகின்றனர். அப்படிப் பிடிபட்டவன் நிறுத்தினால் நித்திரை வராது, உணவு இறங்காது, எதற்கெடுத்தாலும் கோபம் வரும். இது ஒன்றிரண்டு வாரம் நீடிக்கும். "விட்ட பிறகுதான் இவன் மோசம்" என்று சலித்துக்கொள்ளும் தாய்மார் அந்த இரண்டு வாரத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. நீண்டகாலம் பாவித்த சிலருக்கு ஓயாத வாந்தி வரும். வயிற்று நோவென்று வைத்தியசாலை வைத்தியசாலையாக அலைவார்கள். சுடுதண்ணீரில் குளித்தால் மாத்திரம் சற்றுத் தணியும். 2004 ஆம் ஆண்டு அவுஸ்திரேலிய வைத்தியர்களே இந்த நோயை முதன்முதலில் விவரித்து எழுதினார்கள். சுடுதண்ணீர்க் குளியல்தான் அவர்களுக்குத் துப்புக் கொடுத்தது. கஞ்சாவை விட்டால் வாந்தியும் நின்றுவிடும்.

சித்தம் கலங்குவது

இனி, அறைவீட்டுக்கு வந்த அந்தப் பிள்ளையின் காரியத்துக்கு வருவோம். 1969 – 70 ஆம் ஆண்டுகளில் சுவீடன் நாட்டில் கட்டாய இராணுவ சேவைக்கு அழைக்கப்பட்ட 45,570 வாலிபரிடம் அவர்களுடைய பழக்கவழக்கங்களைக் கேட்டு எழுதி வைத்தார்கள். பதினைந்து ஆண்டுகள் அவர்களைப் பின்தொடர்ந்து, யார் யார் கடுமையான மனநோயால் வைத்தியசாலை சேர்ந்தார்கள் என்று பார்த்து, 1987 இல் முடிவை வெளியிட்டார்கள். ஐம்பது தடவைக்கு மேல் கஞ்சா பாவித்ததாகக் கூறியவர்களிடம், ஒருபோதும் தொடாதவர்களைவிட ஆறு மடங்கு அதிகமாக மனச்சிதைவு நோய் காணப்பட்டது.

இதற்கு மறுப்புக் கூறியவர்களும் உண்டு. கஞ்சா நோயை உண்டாக்கிற்றா, அல்லது நோய் வரும் சுபாவமுள்ளவர்கள்தாம் கஞ்சாவை நாடினார்களா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. பின்வந்த ஆராய்ச்சிகள் இதையும் கணக்கில் எடுத்துப் பார்த்தன. மடங்கு குறைந்தது, ஆனால் தொடர்பு அற்றுப் போகவில்லை. 2019 இல் ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் பதினொரு இடங்களில் நடத்தப்பட்ட ஆராய்ச்சி ஒன்று, வீரியம் கூடிய கஞ்சாவை நாள்தோறும் பாவிப்பவருக்குச் சித்தப்பிரமை ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்கு என்று கண்டது. பெரும்பாலானோருக்கு இது நேராது. தாய் வழியிலோ தந்தை வழியிலோ மனநோயாளர் இருந்த குடும்பத்தில் ஆபத்து அதிகம். எமது ஊர்களில் அப்படியான உறவினரைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லாமலே மறைத்து விடுகிறோம். கலியாணப் பேச்சுக்குப் பயந்து மறைக்கிறோம். இந்த ஒரு காரணத்துக்காகவேனும், பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அதைச் சொல்லி வையுங்கள்.

அந்தப் பிள்ளையைச் சேர்த்த மனநல வைத்தியர் என்னிடம் முதலில் கேட்டது, குரல்கள் கேட்கத் தொடங்கி எவ்வளவு காலம் என்பதே. ஏழு மாதம் என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் எழுதிக்கொண்டார். சிகிச்சை தொடங்கப் பிந்தும் ஒவ்வொரு மாதமும் குணமாவதைக் கடினமாக்குகிறது என்பதைப் பின்புதான் படித்தேன். அந்த ஏழில் மூன்று மாதம் என் கணக்கு.

அந்தோனியார் நெருப்பு

கஞ்சாவைவிட வேறொரு வகைப் பொருட்கள் உண்டு. இல்லாததை இருப்பதாகக் காட்டும் மாயத்தோற்ற மருந்துகள். இவற்றுள் பேர்பெற்ற எல்.எஸ்.டி. யின் வரலாறு எமது திருச்சபையின் வரலாற்றோடு வினோதமாகப் பின்னிக் கிடக்கிறது.

மத்திய காலத்து ஐரோப்பாவில் ஏழைகளின் அப்பம் 'றை' என்ற தானியத்தில் செய்யப்பட்டது. ஈரமான ஆண்டுகளில் அந்தக் கதிரில் கருநிறமான பூஞ்சணம் ஒன்று பிடிக்கும். அதோடு சேர்த்து அரைத்த மாவை உண்டவர்களுக்குக் கை கால்கள் நெருப்பில் இட்டாற்போல் எரிந்து, கறுத்து, அழுகி விழும். சிலருக்கு வலிப்பும் பயங்கரக் காட்சிகளும் தோன்றும். இந்த நோய்க்குப் 'புனித அந்தோனியார் நெருப்பு' என்று பெயர். எமது மக்கள் கச்சதீவிலும் கொச்சிக்கடையிலும் வேண்டிக்கொள்ளும் பதுவைப் பதியரல்ல இவர். எகிப்து வனாந்தரத்தில் பசாசின் மாயக் காட்சிகளோடு போராடிய வனத்து அந்தோனியார். 1095 ஆம் ஆண்டளவில் பிரான்சு நாட்டில் அவர் பெயரால் தொடங்கிய ஒரு சபையார் இந்நோயாளரைப் பராமரித்து வந்தார்கள். நல்ல கோதுமை அப்பம் கொடுத்தார்கள். காரணம் அறியாமலே செய்த சரியான வைத்தியம் அது. நஞ்சு அப்பத்தில் அல்லவா இருந்தது! அச்சபையாரின் ஈசன்ஹைம் மடத்துக்காக 1516 அளவில் குறூனேவால்ட் என்னும் ஓவியர் வரைந்த பீட ஓவியம் இன்றும் கொல்மார் நகரில் இருக்கிறது. அதில் சிலுவையில் தொங்கும் ஆண்டவரின் மேனி முழுவதும் புண். நோயாளர் தங்கள் மேனியையே அங்கே கண்டிருப்பார்கள்.

அதே பூஞ்சணத்திலிருந்து பிரசவத்தின் பின் இரத்தப் பெருக்கை நிறுத்தும் மருந்தும் எடுக்கப்பட்டது. எத்தனையோ தாய்மாரைக் காத்த மருந்து. இவ்வழியில் ஆராய்ந்து கொண்டிருந்த சுவிற்சர்லாந்து விஞ்ஞானி அல்பேட் ஹொவ்மன், பாசல் நகரிலுள்ள சன்டோஸ் கம்பனியில் 1938 இல் எல்.எஸ்.டி. யைத் தயாரித்தார். ஐந்து வருடம் அது கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1943 ஏப்பிரல் 19 ஆம் திகதி, தம்மையே சோதனைப் பொருளாக்கி, ஒரு மில்லிகிராமின் நாலில் ஒரு பங்கை உட்கொண்டார். யுத்த காலமாகையால் மோட்டார் வண்டி இல்லை. உதவியாளர் துணை வரத் துவிச்சக்கர வண்டியில் வீடு போய்ச் சேர்ந்தார். வண்டி ஓடியும் தாம் நின்ற இடத்திலேயே நிற்பதாக அவருக்குத் தோன்றிற்று. பால் கொண்டு வந்த அயல் வீட்டுப் பெண் சூனியக்காரியாகத் தெரிந்தாள். மனைவி பிள்ளைகளை விட்டுச் சாகப் போகிறேன் என்று நடுங்கினார். வந்த வைத்தியரோ விரிந்த கண்மணிகளைத் தவிர வேறொரு குறையும் காணவில்லை.

இவ்வளவு சிறிய அளவு இவ்வளவு பெரிய கலக்கத்தை உண்டாக்குவது எப்படி? மூளையில் செரட்டோனின் என்ற பொருளுக்குரிய வாசல்கள் சிலவற்றில் எல்.எஸ்.டி. போய் ஒட்டிக்கொள்கிறது. கண்ணும் காதும் அனுப்பும் செய்திகளை வடித்து அளவோடு உள்ளே விடும் ஒழுங்கு அப்போது குலைந்துவிடுகிறது. எட்டு முதல் பன்னிரண்டு மணித்தியாலம் அந்நிலை நீடிக்கும். நடுவில் இறங்க வழியில்லை. கஞ்சா போலவோ ஹெரோயின் போலவோ இது ஆளை அடிமைப்படுத்துவதில்லை. உடல் உறுப்புகளையும் பெரிதாகக் கெடுப்பதில்லை. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. மாடியும் கிணறும் தெருவும் அவனுக்கு மாடியாகவும் கிணறாகவும் தெருவாகவும் தெரிவதில்லை. சிலருக்கு மருந்தின் வேகம் நீங்கிய பின்னும் வாரக்கணக்காக, அரிதாக ஆண்டுக்கணக்காகவும், பார்க்கும் பொருட்களில் நிறமும் நிழலும் ஆடிக்கொண்டேயிருக்கும். மனநோய் உறங்கிக் கிடக்கும் உடலில் அதை எழுப்பியும் விடலாம்.

பெரிய வெள்ளியில் ஒரு சோதனை

மருந்தினால் கடவுளைக் காணலாம் என்று 1960 ஆம் ஆண்டுகளில் ஐக்கிய அமெரிக்காவில் ஒரு பேச்சு எழுந்தது. 1962 ஏப்பிரல் 20, பெரிய வெள்ளிக்கிழமை, பொஸ்டன் பல்கலைக்கழகச் சிற்றாலயத்தில் வோல்ட்டர் பான்கி என்னும் ஆய்வாளர், இருபது புரட்டஸ்தாந்து இறையியல் மாணவரைக் கூட்டிப் பத்துப் பேருக்குச் சைலோசிபின் என்ற காளான் மருந்தையும், மற்றப் பத்துப் பேருக்கு உடலைச் சற்றுச் சூடாக்கும் வைற்றமின் ஒன்றையும் கொடுத்தார். மேலே நடந்த ஆராதனையை அவர்கள் ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மருந்துண்டவர்களுள் பெரும்பாலானோர் ஆழ்ந்த சமய அனுபவம் பெற்றதாகக் கூறினர்.

இது பலராலும் மேற்கோள் காட்டப்பட்ட சோதனை. ஆனால் பின்னாளில் றிக் டொப்ளின் என்பவர் அந்த மாணவர்களைத் தேடிப் பிடித்து விசாரித்து, 1991 இல் முடிவை வெளியிட்டபோது விடுபட்டுப் போன ஒரு செய்தி வெளிவந்தது. அவர்களில் ஒருவர் கட்டுக்கடங்காது போக, அவரை அடக்க ஊசி போட வேண்டியிருந்தது. பான்கியின் அறிக்கையில் அது இல்லை. அனுபவம் தங்களுக்கு நன்மை செய்ததென்று பலர் நெடுங்காலத்தின் பின்னும் சொன்னதையும் டொப்ளின் பதிவு செய்தார். அதையும் மறைக்கக் கூடாது.

இறையியல் படித்தவன் என்ற முறையில் எனக்கு இதில் ஒரு கேள்வி உண்டு. வனத்து அந்தோனியார் தமக்குத் தோன்றிய காட்சிகளை நம்பவில்லை, சோதித்தார். அவிலா தெரேசம்மாளும் அப்படியே, தமது காட்சிகளைப் பாவசங்கீர்த்தனக் குருக்களிடம் ஒப்புவித்துப் பரிசோதித்தார். காட்சி வந்ததா என்பது அவர்களுக்குப் பெரிதாக இருக்கவில்லை. அதன் பின் மனிதன் பொறுமையுள்ளவனானானா, அயலானுக்கு உதவினானா என்பதையே பார்த்தார்கள். எமது பையன்கள் பாழ் வளவில் கூடிக் காண்பதையும் அந்த அளவுகோலால் அளக்கலாம்.

நாணயத்துக்கு மற்றப் பக்கமும் உண்டு. 1985 இல் ரி.எச்.சி. கொண்ட மாத்திரை, புற்றுநோய்ச் சிகிச்சையால் வரும் வாந்திக்கு மருந்தாக ஐக்கிய அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்டது. கஞ்சாவின் மயக்கந்தராத வேறொரு பொருள் 2018 இல் பிள்ளைகளின் இரண்டு வகைக் கடும் வலிப்புக்கு அனுமதி பெற்றது. அவுஸ்திரேலியாவில் 2023 யூலை முதல், வேறு மருந்துக்கு அசையாத மனச்சோர்வுக்குச் சைலோசிபின் கொடுக்க விசேட அனுமதி பெற்ற மனநல வைத்தியருக்கு உரிமை உண்டு. சிகிச்சைக்காகவன்றிப் போதைவஸ்தைப் பாவிப்பது கடும் பாவம் என்று கூறும் கத்தோலிக்க மறைக்கல்வி நூலின் 2291 ஆம் எண்ணும் சிகிச்சைக்கு விலக்கு வைத்தே பேசுகிறது. அளந்து கொடுக்கும் வைத்தியரும், அருகில் இருக்கும் தாதியும், விலக்கி வைக்கப்பட்ட ஆபத்தான நோயாளரும் இருக்கும் இடத்துக்கும், பாக் கடலைக் கடந்து பொதியாக வந்து ஒழுங்கையில் கைமாறும் சரக்குக்கும் பெயர் மாத்திரமே பொது.

வேலியோரத்து ஊமத்தை

கடல் கடந்து வராத ஒன்றும் உண்டு. ஊமத்தை. 'உன்மத்தம்' என்ற பைத்தியத்தின் பெயரே அதன் பெயராயிற்று. விடலைப் பையன்கள் துணிச்சலுக்காக அதன் விதையைத் தின்றுவிடுகிறார்கள். இது எல்.எஸ்.டி. போன்றதல்ல, நேரே நஞ்சு. வாய் வறண்டு, தோல் காய்ந்து சிவந்து, காய்ச்சல் ஏறி, கண்மணி அகன்று, இல்லாத ஆட்களோடு பேசிக்கொண்டு, காற்றில் எதையோ பிடுங்குவான். ஒரு நாள், இரண்டு நாள் கூட நீடிக்கும். இதயம் தறிகெட்டு ஓடி உயிரும் போகலாம். தேசிக்காய், மோர் என்று கைவைத்தியம் பார்த்து நேரத்தை வீணாக்காமல் உடனே ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போங்கள். தின்ற காயையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

பெற்றார் எதைக் கண்டு சந்தேகிப்பது என்று கேட்கிறீர்கள். சிவந்த கண்ணும் துணியில் மணமும் ஒரு நாளைக்கு மறைக்கக் கூடியவை. நான் இப்போது கேட்பது வேறு: பழைய சிநேகிதரை விட்டு விலகினானா? புத்தகத்தின் முன் இருந்தும் பக்கம் புரளவில்லையா? தன்னைப் பற்றியே ஊர் கதைக்கிறது என்கிறானா? யாரும் பேசாதபோது பதில் சொல்கிறானா? கடைசி இரண்டும் இருந்தால் அடிப்பதற்கும் அழுவதற்கும் அது நேரமல்ல. யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் உண்டு. 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்துத் தேசிய மனநல நிறுவனத்தாரிடம் ஆலோசனை கேட்கலாம். சட்டத்துக்குப் பயந்து வைத்தியரிடம் கஞ்சாவை மறைக்காதீர்கள். அவர் மருந்தைத் தீர்மானிக்க அது தெரிய வேண்டும். கோயிலுக்கும் கொண்டு வாருங்கள், செபிக்கிறேன். ஆனால் வைத்தியரிடம் போன துண்டைக் காட்டச் சொல்லிக் கேட்பேன்.

அந்தப் பிள்ளை ஏழு வாரம் வைத்தியசாலையில் இருந்தான். பரீட்சை எழுதவில்லை. ஒரு வருடத்தின் பின் தாய் என்னிடம் வந்து, "சுவாமி, இந்தக் குளிசையும் ஒரு போதைதானே? இப்ப நல்லாயிருக்கிறான், நிப்பாட்டலாமோ?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. அவளையும் கூட்டிக்கொண்டு வைத்தியரிடம் போனேன். குளிசை குரலை அடக்குகிறது, கஞ்சா குரலை எழுப்புகிறது. தாமாக நிறுத்தினால் நோய் திரும்பி வரும், குறைப்பதானால் தாம் சொல்லிக் குறைக்க வேண்டும் என்று அவர் பொறுமையாக விளக்கினார். இப்போது தகப்பனோடு வலை பொத்துகிறான். மாதம் ஒருமுறை கிளினிக்குக்குத் தானே சைக்கிளில் போய் வருகிறான்.